பன்னிரண்டு ஏ

சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். கோ என்ற புது கம்ப்யூட்டர் மொழியைப் படித்துப் புதுக் குழுவில் சேருவதா, பதினோரு வருடமாக எழுதிவரும் பிஎச்பியோடே இருந்து, குற்றால சீசன் முடிந்து பழைய மென்பொருளை மூடும்போது வீட்டுக்குப் போவதா. தென்காசியில் பேக்கரி மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், பேராச்சி ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, ஆபீஸ் கடிதம்போல் தேதி, பொருள் எல்லாம் எழுதி, லாப நஷ்டத்தை நிரப்பப் பார்த்தாள். பாதியில் பேனாவை வைத்தாள். ‘பிஎச்பி செத்துப்போச்சு’ என்று வீடியோவில் பல்லிளிப்பவன் போன வருடம் வேறொரு மொழியைச் சாகடித்தவன். முப்பத்தேழு வயதில் மறுபடி முதல் பாடமா? எவனோ மென்று துப்பியதை வாயில் வாங்குவது போலிருந்தது.

பன்னிரண்டரைக்குக் குற்றாலம் லாட்ஜ் மேனேஜர் முத்துராமலிங்கம் போனில் கூப்பிட்டார். “யம்மா, பன்னெண்டாம் நம்பர் ரூமுக்கு ரெண்டு குடும்பம் வந்து நிக்கி. ஈரத்துணியோட சண்டை போடுதாவ. நான் யாரை அருவிக்குள்ள தள்ளட்டும்?”

அந்த லாட்ஜின் மென்பொருளைப் போன வாரம்தான் புதுக் குழுப் பையன் ஹுஸைஃபா கோ மொழியில் மாற்றி எழுதியிருந்தான். புது மொழியின் லட்சணம் இதுதானா என்று அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது. எழுந்து அவன் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

தெரியாத மொழி. ஆனால் அறைப் பட்டியலில் பன்னிரண்டுக்குக் கீழே பன்னிரண்டு ஏ இருந்தது. குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அரைநாள் வாடகை உண்டு. அதை முறையாகச் சேர்க்கச் சோம்பல்பட்டு, ஏழு வருடம் முன்பு ஒவ்வொரு அறைக்கும் இல்லாத ஓர் ‘ஏ’ அறையை உண்டாக்கியவள் அவள்தான். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாகாமலிருக்க வேறோர் இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தாள். அந்த ஒட்டு இவன் கண்ணில் படவில்லை.

“இந்த ‘ஏ’வை எதுக்குல புதுசுலயும் வச்ச?”

“பழசுல இருந்துச்சுக்கா. நீங்க காரணமில்லாமலா வச்சிருப்பிய?”

கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் உறுத்தியது. தன் தலைமுடியைத் தானே சோற்றில் கண்டவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீஸ் மேலாளர் சாம் பின்னால் வந்து நின்றார். “என்ன பேராச்சி, முடிவு பண்ணியாச்சா?”

“இருங்க சார்.” பக்கத்து நாற்காலியை இழுத்தாள். “ஏல, ரூம் விவரம் எங்கன ஆரம்பிக்கு? அங்கன போ.”

ஹுஸைஃபா மேலே நகர்த்தினான். திரையில் வரிகள் ஓடின. அவளுக்கு எழுதத் தெரியாத மொழியில், ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது.