சிக்னல் வரும்வரை ஒரு நாடகம்

வந்திருந்தவர்கள் விவரம் வருமாறு. மலைக்கிராமத்து ரேஷன் கடை வாசலில், காலிச் சாக்குகளின் மேல், மங்கம்மாள், பாஞ்சாலை உட்படப் பெண்கள் ஒன்பது பேர். பலாமர வேரில் முன்னாள் வார்டு மெம்பர் அர்ச்சுனன். அவரைவிடச் சற்றுத் தாழ்ந்த வேரில் ஆண்கள் மூவர். தபால்காரர் குமரேசன் பன்னிரண்டு மணி பஸ்ஸில் பை ஏற்ற வேண்டியவர். ஆகவே உட்காராமல் மொபெட்டில் ஒரு காலைப் போட்டு நின்றார். விற்பனையாளர் சின்னராஜ் கடையின் மொட்டை மாடியில், கைரேகை மிஷினை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சிக்னல் வந்தால்தான் ரேகை விழும்; ரேகை விழுந்தால்தான் அரிசி.

ஆகப் பதினைந்து பேர். இதில் ஒருவர்கூடத் தேவயானியைப் பார்க்க வரவில்லை.

தேவயானி அடிவாரத்துச் செங்கத்துப் பெண், வயது இருபத்து நான்கு. கவிதை, நடனம், ஒப்பாரி, நிழற்படம் என்று எதையும் விட்டுவைக்காமல் கொஞ்சம் கொஞ்சம் செய்வாள். ஆகவே ‘பல்துறை எழுத்தாளர், நிகழ்த்துக் கலைஞர்’ என்று அட்டை அடித்திருந்தாள். சென்னையில் ஒரு கலை அறக்கட்டளை ஓராண்டு தங்கிப் பயில இடம் தருகிறது. பத்துப் பார்வையாளர்கள் கையெழுத்திட்ட கருத்துப் படிவம் இன்றைய தபாலில் போயாக வேண்டும். இரண்டு வருடம் கேட்டுக் கிடைக்கவில்லை. இந்த முறையும் தவறினால் பி.எட். என்று அப்பா சொல்லியாகிவிட்டது.

நிகழ்வின் பெயர் ‘மலை மூச்சு’. நாற்பது நிமிடம். அதில் பதினொரு நிமிடம் அவள்தான் மலை; தரையில் கிடந்து உடம்பு அதிர வேண்டும்.

அதிர ஆரம்பித்த மூன்றாம் நிமிடம் பாஞ்சாலை எழுந்துவிட்டாள். “ஐயோ, புள்ளைக்கு வலிப்பு! கடைச் சாவியப் போடுடா சின்னராஜு!”

மாடியிலிருந்து சாவி விழுந்தது. பாஞ்சாலை அதைத் தேவயானியின் உள்ளங்கையில் அழுத்தினாள். நாடகப்படி மலை அடங்க வேண்டிய இடமும் அதுவே. அடங்கினாள்.

“பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு.”

நாடகம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. அர்ச்சுனன் தொண்டையைச் செருமினார். “இது எதுக்குப் பாப்பா, வலிப்புக்கா, பாம்புக்கடிக்கா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடிப் பாட மலைக்கு வருகிறவர்கள் டெங்கு, கைகழுவுதல் என்று ஏதாவது விழிப்புணர்வுக்குத்தான் வருவார்கள். முடிந்ததும் மனு வாங்கிக்கொண்டு போவார்கள். அதுதான் முறை.

“விழிப்புணர்வு இல்லீங்க ஐயா. இது மலையோட வலி.”

“மலைக்கு இன்னா வலி? எனக்குத்தான் முட்டி வலி” என்றாள் மங்கம்மாள்.

தேவயானி படிவத்தை நீட்டினாள். ஒரு கையும் வரவில்லை.

“மனு வாங்காம கையெழுத்தா?” என்றார் அர்ச்சுனன். “போன வருஷம் கண்ணு பாக்க வந்தவங்களும் இப்டித்தான் வாங்கினு போனாங்க. கண்ணாடி இன்னும் வர்ல. மொதல்ல எங்க மனுவ எழுது. அப்பறம் உன் பேப்பர்ல எத்தினி வேணும்னாலும் போட்றோம்.”

எழுதினாள். எழுதியதைப் படித்தாள்: “மௌனித்த மலையின் விரல்நுனிகளில் அழிந்துபோன ரேகைகள்…”

“இது ஆருக்கு, சாமிக்கா?” என்றாள் மங்கம்மாள். “சிக்னல் இல்லாத நாள்ல நோட்டுல எழுதினு அரிசி போடச் சொல்லு. இந்த மாசம் ஏழு வாட்டி வந்து வெறுங்கையோட போய்ட்டேன். அத எழுது.”

கிழித்துவிட்டு, அதை எழுதினாள். திரும்பப் படிக்கும்போது மங்கம்மாள் பேச்சு மங்கம்மாள் குரலிலேயே வந்தது. “ஏறுது… ஏறுது… எறங்கிடுச்சு” என்ற சின்னராஜ் குரலும் வந்தது. வாசலே சிரித்தது. மாடியில் மிஷின் கைதவறப் பார்த்தது.

“இன்னொரு வாட்டி படி” என்றார் அர்ச்சுனன்.

பதினைந்து பேரும் தனித்தாளில் கையெழுத்திட்டார்கள். மாடிக்கு வந்த தாளில் சின்னராஜ் மட்டும் தன் பெயர் தனக்கே தெரியாதபடி. கீழே ‘எழுதியவர்’ என்று போட்டு, அட்டையிலிருந்த பட்டம் முழுவதையும் எழுதினாள் தேவயானி.

“அத அடிச்சுடு பாப்பா. எந்த டேபிளுக்குப் போறதுன்னு தெரியாம மனு நின்னுடும்” என்றார் அர்ச்சுனன்.

அடித்தாள். தன் படிவத்தை விரித்தாள். மாடியில் சத்தம்: “ஏறிடுச்சு!”

வாசல் காலி. வரிசையின் கடைசியில் நின்ற பாஞ்சாலை மட்டும் திரும்பிக் கேட்டாள். “இன்னா கேட்டிருக்குது அதுல?”

“இந்த நாடகத்தால உங்களுக்குள்ள இன்னா மாற்றம்னு.”

“குந்திக் குந்தி இடுப்பு புடிச்சிக்கிச்சு. எழுதிக்கோ.” ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பத்து வேண்டும், ஒன்று இருந்தது. குமரேசன் மொபெட்டை முடுக்கினார். “குடுக்கறதக் குடும்மா. வேற கவர் கேக்காத, தீந்து ஒரு வாரம் ஆவுது.”

அவளிடம் ஒரே கவர். தபால்தலை ஒட்டி, சென்னை முகவரி முத்து முத்தாக எழுதியது. கையில் பதினைந்து கையெழுத்துள்ள தாள். தனித்தாள், மனுவோடு வைத்தால் மனுதாரர்கள், படிவத்தோடு வைத்தால் பார்வையாளர்கள். சென்னையில் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

தாளைப் படிவத்தின் மேல் வைத்தும் பார்த்தாள். சரியாக இருந்தது.

கடைக்குள்ளிருந்து சின்னராஜ்: “போய்டுச்சு.” வெளியே வந்த மங்கம்மாள், கட்டைவிரலைப் புடவையில் துடைத்தபடி கத்தினாள். “பாப்பா! ஏழ எட்டுனு திருத்து!”

தேவயானி திருத்தினாள். தாளை மனுவோடு மடித்தாள். சென்னை முகவரியின் மேல் ஒட்ட, கலெக்டர் முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதினாள். பசை?

வரிசை கலைந்து வெளியே வந்த பாஞ்சாலை தூக்குச்சட்டியைத் திறந்தாள். “மேல இருக்கறது சாமை, ஒட்டாது. அடியில ரேஷன் அரிசி கீது, அத எடு. செவுத்துல போஸ்டரே ஒட்டலாம்.”

இரண்டு பருக்கை சீட்டுக்கு, மூன்று பருக்கை கவர் வாய்க்கு. குமரேசன் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, கவரைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார். மொபெட் பஸ்ஸைப் பிடிக்க இறங்கியது.