சம்பந்தி வீட்டுச் சரிகை

பாகீரதிக்குத் தையல் என்றால் பைத்தியம். காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்கு இறங்கும் சந்தில் இருந்த அவள் வீட்டில் உறை போடாத பொருளே கிடையாது. ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை, தையல் மெஷினுக்கு ஜாலர் வைத்த உறை, தண்ணீர்க் கூஜாவுக்குக் கம்பளிச் சட்டை. “நான் நடமாடிண்டு இருக்கறதால தப்பிச்சேன்” என்பார் அவள் கணவர் வைத்தீஸ்வரன். அவர் மைசூர் சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆபீசில் சூப்பரின்டெண்டு.

அந்தப் பைத்தியம் முற்றியது அவர்கள் பெண் ஜானகிக்கு ஒரு சீமைப் பொம்மை கிடைத்த பிறகுதான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்களை ஏலம் விட்டபோது, மேஜை விளக்கு வாங்கப் போன வைத்தீஸ்வரன், விளக்கை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விடவே, பொம்மையோடு திரும்பினார். மஞ்சள் தலைமயிர், நீலக் கண். படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். நீலா என்று பெயர் வைத்தார்கள்.

நீலாவைப் போல ஒரு ஆள் பாகீரதிக்கு அதுவரை அமைந்ததில்லை. அளவெடுக்கும்போது வயிற்றை எக்க மாட்டாள். கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று குறை சொல்ல மாட்டாள். பாவாடை, ஜம்பர், கம்பளித் தொப்பி, கிழிந்த குடைத் துணியில் ஒரு மழைக்கோட்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு கைப்பை என்று நீலாவின் துணிமணி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்தது. ஜானகிக்குத்தான் பொம்மை கைக்கே வருவதில்லை.

“அம்மா, கொஞ்ச நாழி குடேன். நான் விளையாடணும்.”

“இருடி, தோளுக்கு அளவு பாத்துண்டு இருக்கேன்.”

அடுத்த வீட்டில் ஜெயராஜ் குடியிருந்தார். தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் மனைவி பிரிஜெட், மகள் பெட்டி. பெட்டிக்கும் ஜானகிக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. பெட்டியிடம் சன்னபட்டணத்து மரப்பொம்மை ஒன்று இருந்தது. சிப்பாய்ப் பொம்மை. சிவப்புக் கோட்டு, கறுப்பு மீசை எல்லாம் உடம்பிலேயே வர்ணம் பூசியது. கைகள் தனியாகக் கிடையாது, அவையும் வர்ணம்தான். அதன் பெயர் ராபர்ட். கோடை விடுமுறையில் நீலாவுக்கும் ராபர்ட்டுக்கும் கல்யாணம் செய்வது என்று இரண்டு சிறுமிகளும் முடிவு செய்தார்கள்.

ஜானகி வந்து சொன்னதும் பாகீரதி மெஷினை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். கல்யாணம் என்றால் கூறைப்புடவை! சிவப்புப் பட்டில் ரவிக்கை தைத்தாள். பின்பக்கம் ஒற்றை அழுத்துபட்டன். மஞ்சள் தலையில் கறுப்பு நூலால் பின்னல் கட்டினாள். புடவைக்கு மட்டும் சரிகை வேண்டும். கடைச் சரிகையெல்லாம் மனிதர்களுக்கு நெய்தது, நீலாவின் உயரத்துக்குப் பட்டையாக நிற்கும். வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் கணவரின் இரும்புப் பெட்டியைத் திறந்தாள்.

அடியில் அவருடைய ஆபீஸ் தலைப்பாகை இருந்தது. மகாராஜா காலத்தில் அது இல்லாமல் ஆபீஸ் வாசலை மிதிக்க முடியாது. பூப்போன்ற வெள்ளை மஸ்லின், ஒரு தலைப்பில் மெல்லிய பொன்சரிகை. இப்போதெல்லாம் வெறுந்தலையோடு போகிறார்கள். “இனிமே இதை எவன் கட்டப் போறான்?” என்று அவரே சொல்லித்தான் உள்ளே போட்டிருந்தார். பாகீரதி அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். கத்தரிக்கோல் கேள்வி கேட்கவில்லை.

கல்யாணம் ஜெயராஜ் வீட்டு வாசலில் நடந்தது. மாலையும் உண்டு, மோதிரமும் உண்டு. ஜெயராஜ் மவுத்ஆர்கன் வாசித்தார். நீலாவைப் பார்த்துச் சந்துப் பெண்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். நுனிவிரல் அகலக் கொசுவம், ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் ஒரு கைக்குட்டையை வேட்டியாகக் கட்டியிருந்தார்கள். வழவழவென்ற மரத்துக்கு இடுப்பு ஏது? எல்லோரும் பார்க்கட்டும் என்று ஜெயராஜ் மாப்பிள்ளையைத் தூக்கிக் காட்டிய நேரம், வேட்டி தரையில் கிடந்தது. சந்தே சிரித்தது. பெட்டி மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

சில வாரம் கழித்து வைத்தீஸ்வரன் உற்சாகமாக வீட்டுக்கு வந்தார்.

“ஆபீசர் கோவிந்தப்பா ரிடையர் ஆறார். ஞாயித்துக்கிழமை குரூப் போட்டோ. பழைய ஆட்கள் எல்லாரும் குளோஸ் கோட்டு, சரிகைத் தலைப்பாகையோட வரணும்னு ஆர்டர். எடு, வெயில்ல போடலாம்.”

பாகீரதி மெஷின் உறையின் ஜாலரை நீவிவிட்டாள்.

“என்னடி?”

“அதை நீலா கட்டிண்டு இருக்கா.”

“யாரு நீலா?”

“நம்ம நீலாதான்.”

வைத்தீஸ்வரனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். “அரண்மனையில மகாராஜா முன்னாடி நின்னப்போ கட்டிண்டதுடி அது!”

“நான் ஒண்ணும் பாழாக்கலையே. கல்யாணத்துக்குத்தானே குடுத்தேன்?”

“சரி, சின்னப் பொண்ணு. ஒரு மிட்டாயைக் குடுத்து வாங்கிண்டு வா.”

பாகீரதி மிட்டாயோடு போனாள், மிட்டாய் இல்லாமல் வந்தாள். சரிகையும் இல்லை. ‘சீர் குடுத்தா குடுத்ததுதான் ஆன்ட்டி’ என்று பெட்டி சொல்லிவிட்டாளாம். ஜானகி தூது போனாள். அவளுக்குக் கதவே திறக்கவில்லை.

“உங்களுக்குச் சாமர்த்தியம் போறாது” என்று மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வைத்தீஸ்வரன் தாமே கிளம்பினார்.

ஜெயராஜ் எழுந்து நாற்காலி போட்டார். விஷயத்தைக் கேட்டதும் காதைச் சொறிந்துகொண்டார். “சார், வேற எதுனாலும் கேளுங்க, செய்றேன். பொம்மை விசயத்துல நான் தலையிட்டா எனக்கு ஊட்ல சோறு கிடையாது.”

“மாப்பிள்ளை அம்மாகிட்டயே பேசிக்குங்க” என்று பிரிஜெட் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை அம்மா இரண்டு பொம்மைகளையும் மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“இதோ பாரும்மா பெட்டி, அது சர்க்கார் சொத்து மாதிரி…” என்று குரலை உயர்த்தினார் வைத்தீஸ்வரன்.

“பொண்ணு வீட்டுக்காரங்க கத்தக் கூடாது அங்கிள்.”

ஆபீசில் குமாஸ்தாக்களை நடுங்க வைத்த குரல் இறங்கிவிட்டது. “சரி, என்ன வேணும், சொல்லு.”

பெட்டி யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தது அப்படியே வந்தது. “உங்க நீலாவுக்குச் சரிகைப் புடவை. எங்க ராபர்ட்டுக்கு மூக்கு தொடைக்கிற துணி. அதுவும் அவுந்துபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனுக்குக் கோட்டு வேணும். நீங்க போடுவீங்களே, கழுத்து வரைக்கும் பட்டன் வெச்சு, அந்த மாதிரி. பாக்கெட்டும் வேணும்.”

“அவனுக்குக் கையே இல்லியேம்மா. பாக்கெட் எதுக்கு?”

“கை இல்லேன்னு அவன் எதிர்ல சொல்லாதீங்க!”

வைத்தீஸ்வரன் அளவுக்காக ராபர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தார். “கோட்டு தைச்சுடு” என்றார் மனைவியிடம்.

இந்த வார்த்தை பாகீரதியின் காதில் தேனாகப் பாய்ந்ததை அவர் கவனிக்கவில்லை. ராபர்ட்டின் நினைவு கல்யாணத்தன்றிலிருந்து அவளையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அந்த வேட்டி அவள் கட்டியது.

ஆனால் கறுப்புக் கோட்டுத் துணி? வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பாகீரதி கணவரின் குளோஸ் கோட்டை உட்புறம் திருப்பி, அடி மடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள். தைத்தவன் தாராளமாக மடித்து விட்டிருந்தான்.

“ஏன்னா…” என்றாள்.

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். “வெட்டு. தலைக்கு வேணும்னா உடம்புல கொஞ்சம் போகத்தான் போகும்.”

கோட்டு சுலபத்தில் படியவில்லை. வழுக்குகிற மரத்தில் எந்தத் துணியும் நிற்கவில்லை. முதலில் தைத்தது தோளிலிருந்து சரிந்து ராபர்ட்டைப் பாவாடை கட்டிய மாதிரி ஆக்கியது. பிரித்தாள். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு காலர் வைத்து, முழுக் கோட்டையும் அதிலிருந்து தொங்கவிட்டாள். நின்றது. இனி கைகள். இரண்டு சட்டைக்கைகளைக் குழாயாகத் தைத்து, உள்ளே பஞ்சை அடைத்து, தோளில் பொருத்தினாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டும் வெறுமையாகத் தொங்கின. பாகீரதி ராபர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு மோவாயில் கைவைத்து உட்கார்ந்தாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. திடீரென்று “பாக்கெட்!” என்று கத்தினாள். சட்டைக்கைகளின் நுனியை இரண்டு பாக்கெட்டுக்குள்ளும் செருகித் தைத்துவிட்டாள். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மீசையோடு, ‘என்ன விசேஷம்?’ என்று கேட்கிறவனைப் போல ராபர்ட் நின்றான். பட்டனுக்குக் கடுகளவு மணிகள்.

சனிக்கிழமை மாலை பிரிஜெட் தட்டில் வெற்றிலை பாக்கோடு நீலாவை அழைத்து வந்தாள். பின்னால் பெட்டி. கோட்டுப் போட்ட ராபர்ட்டைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தபடி நின்றது. தூக்கிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். எதுவும் அவிழவில்லை.

“ஜோரா இருக்கு ஆன்ட்டி” என்றாள். அதோடு பாகீரதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நீலாவுக்கு மாம்பழப் பட்டில் மாற்றுப்புடவை தயாராக இருந்தது. பாகீரதி சரிகைப் புடவையின் கொசுவத்தைப் பிரித்து, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டு, தலைப்பாகையின் மீதி மஸ்லினோடு சேர்த்துத் தைத்தாள். விளிம்பை விளிம்புக்குள் மடித்து, இழைக்கு இழை பார்த்துக் குத்திய தையல். முடித்துவிட்டு அவளே தேடினாள், மூட்டு கண்ணுக்கு அகப்படவில்லை.

மறுநாள் வைத்தீஸ்வரன் கண்ணாடி முன் நின்று தலைப்பாகையைக் கட்டினார். சரிகை நெற்றிக்கு மேல் பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. “கோட்டு பின்னாடி கொஞ்சம் தூக்கிண்டு இருக்கு. யாருக்கும் முதுகு காட்டாதீங்கோ” என்று சொல்லி அனுப்பினாள் பாகீரதி.

அவர் ஆபீஸ் தோட்டத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைப்பாகையோடு வந்தவர் அவர் ஒருவர்தான். ஒருவர் வீட்டில் அது வடாம் பிழியும் துணியாகியிருந்தது. இன்னொருவருடையதைப் பூச்சி தின்றுவிட்டது. நடு நாற்காலியில் ஆபீசர் கோவிந்தப்பா வெறுந்தலையோடு முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அவருடைய தலைப்பாகையில் பேரனுக்குத் தூளி கட்டிவிட்டார்களாம், குழந்தை அப்போதுதான் தூங்கிற்றாம்.

வைத்தீஸ்வரனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

“வைத்தீஸ்வரன்! பேட்டா கொட்ரீ இல்லி!”

தலைப்பாகையை இங்கே கொடுங்கள் என்று ரிடையர் ஆகிறவரே கன்னடத்தில் கேட்கும்போது எப்படி மறுப்பது? வைத்தீஸ்வரன் தலைப்பாகையை அப்படியே கழற்றி அவர் தலையில் வைத்தார். உயரம் காரணமாகத் தம்மைக் கடைசி வரிசைக்கு அனுப்பியபோது, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனார்.

தலைப்பாகை அன்றே திரும்பி வந்தது, சில நாள் கழித்துப் போட்டோவும் வீட்டுக்கு வந்தது. “இதோ, இந்தத் தூணுக்குப் பக்கத்துல பாதி தெரியறதே, அதுதான் நான்” என்று காட்டினார் வைத்தீஸ்வரன். பாகீரதி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கோவிந்தப்பாவின் தலையையே வெகுநேரம் பார்த்தாள்.

“மூட்டு தெரியலை பாத்தேளா?” என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்குக் கோபப்பட மனசு வரவில்லை.

அப்போது வாசலில் பெட்டி வந்து நின்றாள், கையில் நீலாவோடு. மாம்பழப் பட்டுக்குள் வயிற்றில் ஏதோ துணியைச் சுருட்டித் திணித்திருந்தது.

“அம்மா சொன்னாங்க, தலைப்பிரசவம் பொண்ணு வீட்டுலதான் பாக்கணுமாம். அதான் உட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள் பெட்டி. “பாப்பாவுக்குத் தொப்பி, சாக்ஸ் எல்லாம் வேணும் ஆன்ட்டி. கழுத்துல லேஸ் வெச்சு நீளமா ஒரு வெள்ளை கவுனும்.”

“வெள்ளைன்னா மஸ்லின்தான் நன்னா இருக்கும்…” என்று பாகீரதி யோசனையோடு ஊசியை எடுத்தாள்.

வைத்தீஸ்வரன் விடுவிடுவென்று உள்ளே போனார். தலைப்பாகையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தம் பூணூலில் முடிந்துகொண்டார்.