பொன்னுதாஸ் சொன்ன இடி

எல்லை ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பாறசாலை கொதித்துக்கொண்டிருந்த ஐம்பத்துநாலாம் வருஷத்துக் கோடை. பொன்னுதாஸுக்குத் திருவனந்தபுரத்து வானிலை ஆபீசில் வேலை. அங்கே அவனைத் தமிழன் என்று ஒதுக்கினார்கள். ஊரிலோ சர்க்கார் ஆள் என்று முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அன்று காலை மேல்காற்றை அளக்க ஏற்றிய பலூன் அனுப்பிய கணக்கைப் பார்த்ததும் பஸ் பிடித்துப் பாறசாலைக்கு ஓடிவந்தான். அன்று ஊர் மைதானத்தில் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுக் கூட்டம் போடவிருந்தவர் அவனுடைய அக்காள் புருஷன் ஞானசிகாமணி.

"அத்தான், கீழே சூடும் ஈரமும், மேலே நல்ல குளிரு. மூணு மணிக்கு இடி உண்டு. வெட்டவெளியில ஆளைக் கூட்டாதீங்க."

கீழே கிடக்கும் காற்றை ஏதாவது மேலே கிளப்பிவிட்டால்தான் இடி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அதை அவன் சொல்லவில்லை. சொன்னால் யார் மதிப்பார்கள்? ஒரு நாளாவது ஊர் தன் பேச்சைக் கேட்கவேண்டும் என்று அவனுக்கு வெறி. ஞானசிகாமணி முனகிக்கொண்டே கூட்டத்தை நிறுத்தினார். வெள்ளறடையிலிருந்து நடந்து வந்தவர்கள் திட்டிக்கொண்டே திரும்பினார்கள்.

மூன்று மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு மணிக்குக் காலி மைதானத்தில், சேர்க்கக் கூடாது என்ற எதிர்க்கட்சிக்காரர்கள் மைக் கட்டிவிட்டார்கள். மலையாளப் பாட்டும் கைதட்டலும் வீடுவரை கேட்டன.

"எலே, உன் பலூன் அவனுக பலூனாக்கும்! அவனுககிட்ட எவ்வளவுலே வாங்கின?" ஞானசிகாமணி அவன் சட்டையைப் பிடித்து முற்றத்தில் தள்ளினார். வேலிக்கு வெளியே நின்றவர்கள் காறித் துப்பினார்கள்.

அக்காள் தங்கபாய்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள். "விடுங்க அவனை! ஜெஸியைக் காணல்ல. பாட்டு கேக்க மைதானத்துக்குப் போயிட்டாளாம்."

ஜெஸி அக்காளின் ஒரே மகள், சின்னப் பிள்ளை. பொன்னுதாஸ் காதில் அது விழத்தான் செய்தது. ஆனாலும் அவன் கண் மலைப்பக்கமே இருந்தது. அங்கே மேகம் கறுத்துக் குவிந்துகொண்டிருந்தது. 'வா, அந்த மைதானத்துமேலேயே வந்து விழு' என்று மனதுக்குள் கெஞ்சினான்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் மின்னல் வெட்டியது. மைதானத்துப் பக்கம் இடி விழுந்தது, மைக் செத்தது, கூட்டம் அலறியது. பொன்னுதாஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

தங்கபாய் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மழையில் இறங்கி ஓடினாள்.

விழுந்தது ஒரு தென்னையில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நனைந்து நடுங்கிய ஜெஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கபாய் திரும்பி வந்தாள். ஞானசிகாமணிகூட, "இவன் சொன்னது சரிதான் போல" என்று இறங்கி வந்தார்.

"சரியாத்தான் இருக்கட்டும்," என்றாள் தங்கபாய். "என் பிள்ளை அங்க நிக்கியாள்னு தெரிஞ்சும் சிரிச்சானாக்கும். தம்பி, இனி நீ இந்த வீட்டுப் படி ஏறாதே."