கியெம்மின் நாக்கும் அறுபது டுரியான் மரங்களும்

“அது நாக்கா அண்ணே, செருப்புத் தோலா? ஆத்துத் தண்ணி நல்லாருக்குன்னு மதகைத் தொறந்தீங்களே, கடலே வந்து என் தோட்டத்துல படுத்துக்கிச்சு.”

“எனக்கு உப்புக் கரிக்கலையே, தோவா.”

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

பக்கத்துத் தோட்டத்துக் கியெம் வாயைத் துடைத்துக்கொண்டார். எதிர்க்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான்தான் வாயைத் திறந்தேன். “கஞ்சியும் கருவாடும். வாடை என் வீடு வரைக்கும் வந்துச்சு.”

தோட்டத்துக்கு ஆற்றுநீர் விடுமுன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பதுதான் ஆறு கடலில் கலக்கிற எங்கள் பென் திரே பக்கத்து வழக்கம். முன்பெல்லாம் புத்தாண்டு கழிந்துதான் கடல் ஆற்றில் ஏறும். இப்போது மேலாற்றுப் பக்கம் மழை குறைந்துபோனதில், அழைக்காத சம்பந்தி மாதிரி முன்கூட்டியே வந்துவிடுகிறது. கருவாடு கடித்த நாக்குக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாய்க்காலில் உப்புநீர் ஏறிவிட்டது. கியெம்முக்கு என்ன, தென்னந்தோப்பு, தாங்கிக்கொள்ளும். தோவாவுக்கோ பூத்து நின்ற அறுபது டுரியான் பழமரங்கள், உப்பே ஆகாது. புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு அவள் சோறே அவைதான்.

கடல் உள்வாங்கி ஆறு இறங்கும் நேரம் பார்த்து வாய்க்காலை வடித்தார்கள். வேரை அலச நல்ல தண்ணீர் வேண்டுமே. அது கியெம் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு பெரிய ஜாடி மழைநீராக இருந்தது. அதில் ஒரு கோப்பைத் தேநீர் போடவே விருந்தாளியின் தகுதியைப் பார்ப்பவர், அன்று வாளி வாளியாகச் சுமந்தார். செய்த தப்புக்குப் பரிகாரம் என்றார். தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பரிகாரம் செய்யும் ஒண்டிக்கட்டை மனுஷனை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஜாடிகள் காலியானதும், மேலாற்றிலிருந்து படகில் நல்ல தண்ணீர் கொண்டுவரும் லோயைக் கூப்பிட்டு வந்ததும் கியெம்தான். லோய் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். முதல் குவளையைத் தோவாவிடம் நீட்டி, “குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, அப்புறம் எறக்குறேன்” என்பான். அவளும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுத்தான் சொல்லுவாள். கியெம் வாளியோடு பின்னால் நிற்பார்.

பூவில் பாதி உதிர்ந்தது, பாதி காயானது. மரம் ஒன்றுகூடப் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் தோவா லோயைக் கட்டிக்கொண்டு, ஆறு இன்னும் இனிக்கிற அவன் ஊருக்குப் போய்விட்டாள். கல்யாணத் தேநீருக்குப் புதுமழைத் தண்ணீர் கொடுத்தது கியெம். தோட்டத்தையும் அவரிடமே ஒப்படைத்தாள், கூடவே உப்பு அளக்கும் கருவி ஒன்றையும் வாங்கி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு.

கியெம்முக்கு வருத்தமா என்று கேட்டுப் பார்த்தேன். “அதான் கருவி இருக்கே,” என்றார். “இனிமே நிம்மதியா கருவாடு சாப்பிடலாம்.”