பிச்சி வைக்காத வீடு

என் வீட்டுக்காரர் செல்வக்குமாருக்கு ஒரு கொள்கை உண்டு. அடுத்தவர் மண்ணில் ஒரு பருவத்துக்கு மேல் நிற்கிற எதையும் நடக்கூடாது. கேந்தி விதைக்கலாம், காசித்தும்பை விதைக்கலாம், வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் தாராளமாக விதைக்கலாம். அதெல்லாம் பூத்து, காய்ந்து, விதையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிச்சிப்பூக் கொடி, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று நான் வாயைத் திறந்தால் போதும், "நமக்குன்னு ஒரு வீடு வரட்டும் ரோஜா" என்று பேச்சை முடித்துவிடுவார். பேரில் மட்டும் ரோஜாவை வைத்துக்கொண்டு, ஒரு ரோஜாக் குச்சிகூட ஊன்ற முடியாமல் நான் காலத்தை ஓட்டினேன்.

சிவகாசியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீடு சின்னது. ஒரு ஹால், ஓர் அடுப்படி, முடிந்தது. ஆனால் தெற்கே பார்த்த முற்றம் வீட்டைவிடப் பெரியது. காலையில் வந்து உட்கார்கிற வெயில் சாயங்காலம்தான் எழுந்து போகும். பக்கத்து வீட்டு அருணாதேவி அங்கே பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக் காயப்போடலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை. இந்த ஊரில் வெயிலுக்கு வேலை கொடுக்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், என் முற்றத்து வெயிலாவது பூவுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் மத்தாப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். கழித்துப் போட்ட காலி டப்பாக்களில்தான் என் விதைகள் இருக்கும். ஆடி கடைசியில் தூவி, நாற்றை எடுத்து நட்டு, கேந்திக்கு நுனி கிள்ளி விடுவேன். கிள்ளக் கிள்ளக் கிளை வெடிக்கும். அரிசி கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். தீபாவளி சீசன் வேலை முடிந்து கம்பெனி லீவு விடுகிற நேரத்தில் முற்றம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகும். மாசி வந்ததும் எல்லாம் காய்ந்துவிடும். பிடுங்கிப் போட்டு, மண்ணைக் கொத்தி, சாண எரு போட்டு வைப்பேன். பங்குனியில் பார்த்தால் யாருமே குடியில்லாத வீட்டின் முற்றம்போல மொட்டையாகக் கிடக்கும்.

தொட்டியிலாவது ஒரு பிச்சி வைக்கிறேன் என்று சண்டை போட்டுப் பெயிண்ட் வாளியில் வைத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் வாளி கொதித்து, வேர் வெந்து போனது. "பாத்தியா" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்கு மூன்று நாள் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டேன்.

அவர் மேல் மட்டும் பழி போட்டால் பாவம். என் மாமனார் சங்கிலிமுத்து அச்சங்குளத்தில் ஒருவருடைய புஞ்சைக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். காட்டு ஓரத்திலேயே குடிசை. வாசலில் ஆசையாக ஓர் எலுமிச்சை வைத்தார். அது காய்ப்புக்கு வந்த வருஷம், "மரத்த வச்சு எடத்தப் பிடிக்கப் பாக்கியாலே" என்று காட்டுக்காரர் சட்டி பானையோடு வெளியே அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்போது விவரம் தெரிகிற வயசு. அந்தப் பயம் அவரை விடவே இல்லை.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த முத்துமாரியம்மாள், வெம்பக்கோட்டைப் பக்கம் நிலபுலம் உள்ளவர். நல்ல மனுஷி. வாடகை போனிலேயே போய்விடும் என்பதால் அடிக்கடி வரமாட்டார். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சிவகாசிக்கு வரும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார். ஒரு வருஷம் ஈரச் சாக்கில் சுற்றி, வேர் பிடித்த பிச்சிப் பதியன் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எங்க வீட்டுக் கொடிதான், ரோஜா. இம்புட்டு வெயிலு விழுகுது, இங்கன வச்சா கூடை கூடையாப் பூக்கும்."

நான் கையை நீட்டினேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"எதுக்கும்மா உங்களுக்குச் செரமம்? நாங்க எம்புட்டு நாளைக்கு இங்கன இருக்கப்போறோம்?"

அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். "சரி தம்பி" என்று பதியனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. இவரோ மரியாதையாக நடந்துகொண்டுவிட்ட நிம்மதியில் தூங்கினார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நமக்கென்று ஒரு வீடு என்று இவர் சொல்லிக்கொண்டிருந்ததே நாங்கள் குடியிருந்த அந்த வீட்டைத்தான். அச்சாபீஸில் கட்டிங் மிஷினில் நின்று இவரும், கம்பெனியில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் சேர்த்திருந்தோம். மிச்சத்துக்கு லோன் கிடைக்கும். அந்த அம்மாவிடம் வாய் விட்டுக் கேளுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"அவுகளா விக்க நெனச்சா நம்மகிட்டத்தான மொதல்ல சொல்லுவாக? குடியிருக்குற வீட்டுக்கே ஆசப்படுறான்னு நெனச்சிட்டா என்ன செய்ய?" என்பார். நானும் சரி என்று விட்டுவிடுவேன். விட்டதுதான் தப்பு.

போன தீபாவளி முடிந்து கேந்தி கொட்டிப் பூத்திருந்த நேரம், முத்துமாரியம்மாள் வந்தார். பங்குனி இல்லாமல் அவர் வந்ததே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் பூவையே பார்த்தார்.

"இந்நேரம் இப்படிப் பூக்குமா ரோஜா? நான் பாத்ததே இல்லையே" என்றார். பிறகு உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டப் பக்கத்துப் பேப்பர் குடோன்காரருக்குக் கொடுத்துட்டேன். பத்திரம் பதிஞ்சாச்சு. தைக்குள்ள ஒழிச்சுக் கொடுத்தாப் போதும், அவசரம் ஒண்ணுமில்ல."

இவருக்கு வருஷக்கணக்காக வராத பேச்சு அப்போது வந்தது.

"அம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே வாங்கியிருப்போமே!"

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என்ன தம்பி சொல்றீக? உங்களுக்குக் கொடுக்கணும்னுதான் எனக்கும் ஆச. நீங்கதான் இருக்குற ஆளுகளாவே தெரியலையே! நான் வாரப்பல்லாம் முத்தம் மொட்டையாக் கெடக்கும். ஒரு பிச்சி இல்ல, ஒரு செம்பருத்தி இல்ல. கொண்டுவந்து கொடுத்ததையும் வேண்டாமுன்னுட்டீக. எம்புட்டு நாளைக்கு இருக்கப்போறோம்னு உங்க வாயாலதான சொன்னீக? வேற எங்கனயோ எடம் பாத்துட்டாக, நாம கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நான் இருந்துட்டேன்."

அழுதால் அந்த அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். மரியாதை என்று நினைத்து இவர் சொன்ன ஒரு வார்த்தை, சொந்த வீட்டை எங்கள் கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறது. கூடவே நானும் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தாயி" என்றார்.

தை பிறந்ததும் காலி செய்தோம். காசித்தும்பையையோ கேந்தியையோ பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அப்படியே விட்டுவிட்டு வந்தோம். குடோன்காரர் அடுத்த வாரமே முற்றத்துக்குச் சிமெண்டு போட்டுவிட்டார் என்று அருணாதேவி போனில் சொன்னாள். இப்போது அங்கே பேப்பர் லோடு இறங்குகிறதாம்.

புது வீடு மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் ஒச்சப்பன் குடியிருக்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழம் மண் இருக்கிறது, காலை வெயில் நன்றாக விழும். அந்த மண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவரிடம் நான் சரியாகப் பேசியே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோறு போடுவேன், சட்டையைத் தேய்த்து வைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் மாடிக் கைப்பிடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒச்சப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கொஞ்சம் திணறி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"சார், அந்தக் கேட்டுப் பக்கம் நாங்க ஒரு பிச்சி வச்சுக்கிறட்டுமா?"

ஒச்சப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம் தம்பி. வேரு எறங்குனாச் செவரு விரிசல் விட்டுரும். பதினோரு மாச அக்ரிமெண்டுக்கு எதுக்குச் செடி கொடியெல்லாம்?"

"சரிங்க சார்."

மேலே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"கேட்டேன் ரோஜா. வேண்டாமுன்னுட்டாரு."

"கேட்டுச்சு."

கேட்டுப் பக்கத்து மண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்புட்டுதான் புள்ள. வேண்டாமுன்னாரு, சரின்னு வந்துட்டேன். ஒண்ணும் ஆகல. கேக்குறது இம்புட்டு லேசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. முத்துமாரியம்மாளிடம் வீட்டை எங்களுக்குத் தருவீர்களா என்று ஒரே ஒரு தடவை இப்படிக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கவே மாட்டார். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.