ஏழாவது பாட்டில்

ராஜலக்ஷ்மி பழுப்பு நிறப் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனதும், ஆராய்ச்சிக் கழகத்து அட்டெண்டர்கள் ஏழு பேரும் அவற்றைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் போகிற முதல் மூத்திரத்தை அதில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். அதில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று அவள் பார்ப்பாள். பார்த்து எழுதினால் அவளுக்கு டாக்டர் பட்டம். மூன்று வருஷமாக அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்குப் பட்டம். நமக்கு இன்னா?" என்றான் கோவிந்தப்பா. ஏழு பேரில் அவன்தான் பழைய ஆள். "போன வருசம் நம்ம சில்வெஸ்டரு நெஞ்சைப் படம் புடிச்சாங்க. படம் நல்லா விழுந்திருக்குன்னாங்க. அடுத்த வாரமே ஆளை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"மூத்திரத்துல இன்னாப்பா தெரியும்?"

"வேலைக்கு லாயக்கா இல்லியான்னு தெரியும். அதுக்குத்தான் கேக்கறாங்க."

முனியப்பன் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான். கொஞ்ச நாளாக அந்தக் கை லேசாக நடுங்கியது. டீ டம்ளரைத் தூக்கும்போது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வான். அப்படிச் செய்தால் வெளியே தெரியாது.

அவன் வேலை பாதரச அறையில். வைத்தீஸ்வரன் என்ற ஆராய்ச்சி மாணவர் சுட்ட மண் துண்டுகளுக்குள் எத்தனை நுண்ணிய துளைகள் இருக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். உலைக்கு நல்ல கல் செய்ய அந்தக் கணக்கு வேண்டுமாம். பாதரசத்தைத் துண்டுக்குள் அழுத்தி ஏற்றி, எவ்வளவு உள்ளே போனது என்று பார்ப்பார். வெளியே வரும் பாதரசம் மண்ணும் அழுக்குமாய் இருக்கும். அதை மான்தோலில் முடிந்து பிழிந்து, அமிலத்தில் அலசி, மறுபடி பளபளவென்று ஆக்கிக் கொடுப்பது முனியப்பன். தரையில் சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுப்பதும் அவன்தான். அந்தத் துணிகளோடு மற்ற அறைத் துணிகளையும் சேர்த்து, சனிக்கிழமைதோறும் மூட்டை கட்டி அவன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். துவைப்பதற்கு ஸ்டோரில் ஒரு பார் சோப்புக் கொடுப்பார்கள். காயமாகாத, அதாவது வேலை நிரந்தரமாகாத, ஆள் தலையில்தான் அந்த மூட்டை விழும் என்பது வழக்கம். மூன்று வருஷமாக முனியப்பன்தான் காயமாகாத ஆள். இந்த ஏப்ரலில் காயமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது கோவிந்தப்பா சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்து நிறுத்தினான்.

"உன் கையை நான் பாக்கலன்னு நெனச்சியா? பாட்டில்ல உன்னுதை ஊத்தாதே. என் பாட்டிலுக்கு நான் என் மருமகனுதை எடுத்தாரேன். பூ யாவாரம் பண்றவன், சுத்தமான ரத்தம். மத்தவங்க அஞ்சு பேரும் தோட்டக்காரன்கிட்ட சொல்லிட்டாங்க."

"தோட்டக்காரன் அஞ்சு பேருக்குப் பெய்வானா?"

"ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சா பெய்யறான். உனக்குத்தான் பத்தாது. பொண்டாட்டிகிட்ட கேளு."

அல்சூரில் முனியப்பன் வீடு ஒரே அறை. மழைச் சாரல் அடிக்கும் என்று ஜன்னலுக்குத் தகரம் அடித்திருந்தான். அவன் உள்ளே போனபோது சந்திரம்மா அடுப்புக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். யாரோ அந்நிய ஆள் என்று நினைத்துவிட்டாளாம். ஒரு வருஷமாக இப்படித்தான். குழாயடியில் எல்லாரும் போன பிறகுதான் தண்ணீருக்குப் போவாள். அண்ணன் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கையில் எதுவும் நிற்பதில்லை. தீபாவளியன்று குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்தாள். முனியப்பன் அவளை அறைந்தான். அறைந்ததற்கு அவள் அழவில்லை. உடைந்த சில்லுகளைப் பொறுக்க முடியாமல் விரல்கள் துள்ளுவதைப் பார்த்துத்தான் அழுதாள். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மசூதியில் ஓதித் தாயத்தும் கட்டியாயிற்று.

அவன் பாட்டிலை நீட்டினான்.

"ஆபீசுல உன்னுதைக் கேட்டா என்னுதை ஏன் கேக்கறே?" என்றாள் சந்திரம்மா.

"உன்னுது சுத்தமா இருக்கும். நீ வூட்டுல சும்மாதானே குந்திகினு இருக்கே."

"சும்மாவா?" மூலையில் உலர்ந்த துணிமூட்டையைக் காட்டினாள். "அதை யாரு வேவிக்கிறது, உங்க ஆத்தாளா?"

"சரிடி. பேஜார் பண்ணாதே. ஏப்ரல் வரைக்கும்தான்."

மறுநாள் காலை அவள் மறைப்புக்குப் பின்னால் போய்ப் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்தாள். கை ஆட்டத்தில் பாதி வெளியே சிந்தியிருந்தது. "உங்க டாக்டரம்மா இதை வெச்சிகினு புள்ள பொறக்குமான்னும் பாத்துச் சொல்லுவாங்களான்னு கேளு" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் செய்த கேலி அது. முனியப்பன் சிரித்துக்கொண்டே பாட்டிலின் வெளிப்புறத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

பதினைந்து நாள் கழித்து ராஜலக்ஷ்மி அவனை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். அவள் அப்பா, தாத்தா இருவரும் மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்கள். இருந்தாலும் அட்டெண்டர்களிடம் குரலை உயர்த்த மாட்டாள். மேஜைமேல் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஆறு குழாய்களில் பச்சை நீர். ஏழாவதில் மட்டும் ஆரஞ்சு மஞ்சள்.

"உக்காரு முனியப்பா. பயப்படாதே. இது பச்சையாவே இருந்தா பாதரசம் இல்லைன்னு அர்த்தம். மஞ்சளாச்சுன்னா இருக்கு. மூணு தடவை பண்ணிப் பார்த்துட்டேன். மூணு தடவையும் உன்னோடது இப்படித்தான் ஆச்சு."

முனியப்பன் அந்தக் குழாயையே பார்த்தான்.

"நான் சில கேள்வி கேக்கறேன். உள்ளதைச் சொல்லு." அவள் அச்சடித்த தாளை எடுத்தாள். "ஈறு வீங்கறதா? பல்லு ஆடறதா?"

"இல்லீங்கம்மா."

இல்லை என்று சொல்லிக்கொண்டே, போன மாதம் சந்திரம்மா ஒரு பல்லைத் தானே பிடுங்கிக் கூரைமேல் எறிந்தது நினைவுக்கு வந்தது.

"வாயில எச்சில் ஊறறதா? தலகாணி நனையற அளவுக்கு?"

"இல்லீங்க." சந்திரம்மா தலைமாட்டில் துணி மடித்துப் போட்டுக்கொண்டு படுப்பாள்.

"சாமான் கைநழுவி விழறதா?"

அவன் வலது கையைத் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டான்.

"மனுஷாளைப் பார்த்தா கூச்சமா இருக்கா? போய் ஒளிஞ்சுக்கலாம்னு தோணறதா? காரணமில்லாம அழுகை வரதா?"

"இந்தத் தாளை யாரும்மா எழுதினது?" என்று கேட்டான்.

"இங்கிலாந்துல தொப்பி பண்ற தொழிற்சாலைக்காரங்களைப் பார்த்து டாக்டர்கள் எழுதினது. ஏன்?"

"செய்வினை இல்லியா அப்போ?"

ராஜலக்ஷ்மிக்கு விளங்கவில்லை. அவன் கையைப் பிடித்து விரல்களை விரிக்கச் சொன்னாள். விரல்கள் கொஞ்சம் ஆடின. அவள் நெற்றி சுருங்கியது. "இந்த எண்ணுக்கு நீ டம்ளரையே பிடிக்க முடியாம இருக்கணும். கணக்கு இடிக்கறதே. எதுவா இருந்தாலும் ஊசி போட்டாகணும். டிஸ்பென்சரியில இருக்கு. கழகத்துல வேலை பண்றவாளுக்குத்தான் குடுப்பா, உன் பேருக்கு எழுதிடறேன். பத்து ஊசி. அப்புறம் நீ பாதரச அறைக்குள்ள கால் வைக்கப்படாது."

ஊசி வேலை செய்கிறவனுக்கு. வேலை செய்யாதவளுக்குக் கிடையாது. முனியப்பனுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. வாயைத் திறக்காமல் போனால், அந்த ஊசிகள் தன் இடுப்பில் ஏறும். சந்திரம்மா அடுப்புக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்தால் வேலை போகும், கோவிந்தப்பா வேலையும் போகும், எல்லார் வேலையும் போகும்.

அவன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அது என்னுது இல்லீங்க. என் சம்சாரத்துது."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். மூட்டை, சோப்பு, அடைத்த ஜன்னல். குண்டானில் சோடா போட்டுத் துணியை வேகவைப்பது. வெந்து வடித்ததும் குண்டான் அடியில் உருளும் பாதரச மணிகளைச் சந்திரம்மா ஒன்றுவிடாமல் பொறுக்கி இங்க் பாட்டிலில் சேர்த்துக் கொடுத்தனுப்புவது. சரக்குக் குறைந்தால் புருஷனைத் திருடன் என்பார்களே என்று அவளுக்குப் பயம். "வைத்தீஸ்வரன் அய்யா எல்லார்கிட்டயும் சொல்லுவாருங்க, நம்ம முனியப்பன் யோக்கியன்னு." அதே குண்டானில்தான் குளிக்க வெந்நீரும் காயும்.

ராஜலக்ஷ்மி அந்த ஆறு பச்சைக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த ஆறும்?"

"ஒண்ணு பூக்காரனுது. அஞ்சு தோட்டக்காரனுது."

"ஒரே ஆளோடதா..." அவள் நோட்டைத் திறந்து எண்களை விரலால் தடவினாள். "எல்லாம் ஒரே மாதிரி வரதேன்னு பார்த்தேன். பரிசோதனை பண்ற என்னைக் காட்டிலும் சுத்தமா இருந்தீங்க நீங்க. சந்தேகம் வந்தது. வேண்டாம்னு விட்டுட்டேன்." நோட்டை மூடினாள். "எல்லாரோடதையும் திரும்ப எடுக்கணும். நான் எதிர்ல நின்னு எடுக்கணும். அதிகாரிக்கு எழுதணும்."

"எழுதாதீங்கம்மா." அவன் மேஜைக் காலைப் பிடித்தான். "சில்வெஸ்டரு இப்போ மார்க்கெட்டுல மூட்டை தூக்கறான்மா, அந்த நெஞ்சை வெச்சிகினு. எங்க ஏழு பேரையும் அனுப்பிடுவாங்க. எனக்கு அந்த ஊசி போதும். அவளுக்குப் போட்டுருங்க. வேற எதுவும் வேணாம்."

"எழுதலைன்னா இங்கே யாருக்கும் கெடுதல் இல்லைன்னு ஆயிடும், முனியப்பா. புரியறதா?"

"ஆவட்டும்மா."

அவளுடைய உதவித்தொகை மார்ச் மாதத்தோடு முடிகிறது. ஆய்வேடு தட்டச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. மறுபடி ஆரம்பித்தால் இன்னொரு வருஷம். அவள் அழுதாளா என்று முனியப்பனுக்குத் தெரியவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள். திரும்பியபோது கையில் அளவுகோல் இருந்தது. நோட்டில் ஏழாவது வரியின்மேல் அதை வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதினாள்.

"என்னம்மா எழுதினீங்க?"

"பாட்டில் அழுக்கா இருந்ததுன்னு."

ஊசி முனியப்பன் பெயருக்கே வந்தது. டிஸ்பென்சரி நர்ஸ் பெர்னதெத் சூளை என்கிற பேட்டைக்காரி. டியூட்டி முடிந்து போகிற வழியில் அல்சூரில் இறங்கிப் போட்டுவிட்டுப் போவாள். வேர்க்கடலை எண்ணெயில் கலந்த கெட்டி மருந்து. பூண்டு நாற்றம் அடிக்கும். சந்திரம்மா தலைகாணியைக் கடித்துக்கொண்டு, "உன் பேருல வந்த ஊசியாம், நீ குத்திக்கோயேன்" என்று முனியப்பனைத் திட்டுவாள். பத்து ஊசியில் எச்சில் ஊறுவது நின்றது. ஈறு வீக்கம் வற்றியது. கைநடுக்கம் போகவில்லை. "லேட்டாயிடுச்சுப்பா. இனிமே அது அப்படித்தான் இருக்கும்" என்றாள் பெர்னதெத்.

துணியை வேகவைத்ததுதான் காரணம் என்று தெரிந்ததும் சந்திரம்மா குண்டானை வாசலில் எறிந்தாள். மறுநாள் கேட்டது ஒன்றுதான்.

"சட்டியை ஒடச்சதுக்கு அடிச்சியே?"



ஏப்ரலில் அவனைக் காயமாக்கினார்கள், வாட்ச்மேனாக. ராஜலக்ஷ்மிதான் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் வாங்கிக்கொண்டு பம்பாய்க்குப் போகிற அன்று கேட்டில் நின்று, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டாள். "தேவலைம்மா" என்றான். அவள் ஆய்வேட்டின் முடிவை வைத்தீஸ்வரன் அவனிடம் சந்தோஷமாகவே சொல்லியிருந்தார்: இங்கே பாதரசம் புழங்குகிறவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாம். அறைக்குக் காற்றை வெளியேற்றும் விசிறி வைக்கக் கேட்டிருந்த விண்ணப்பத்தை அதைக் காட்டித் தள்ளிவிட்டார்களாம்.

பாதரச அறைக்குப் புது ஆள் வந்தான். ஜெயராமன். கல்யாணமாகி நாலு மாசம். காயமாகாத ஆள்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஜெயராமன் சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். சட்டைப் பையில் சோப்பு நீட்டிக்கொண்டிருந்தது. முனியப்பன் கேட்டைத் திறக்காமல் நின்றான்.

"தொறண்ணா. மழை வருது."

"வூட்டுக்குள்ள வேவிக்காதே. வெளியில வெச்சி வேவி."

"எங்க வூட்டுக்கு வெளியில ரோடுதான் கீது. பஸ் ஏத்திட்டுப் போயிடுவான்." ஜெயராமன் சிரித்தான். "ஏண்ணா, இன்னா விசயம்?"

ஆய்வுக்கூடத்து வாசலில் கோவிந்தப்பா நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ரிடையராக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"வாடை வரும்" என்றான் முனியப்பன்.

"அவ்ளோதானா? அவ ஊதுபத்தி கொளுத்திக்குவா."

முதல் தூறல் விழுந்தது. முனியப்பன் தாழ்ப்பாளை இழுக்கப் போனான். கை இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். கேட் திறந்தது. ஜெயராமன் மூட்டை நனையாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு சைக்கிளில் ஏறினான்.