முள் காட்டிய ஒன்பதாயிரம்

அந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று லோகப்பிரியா சொன்ன அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் அவள் கூடப் பிறந்த தம்பி நிதீஷ்.

சூலூரில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் குடும்பம் கிருபாசங்கருடையது. மனிதருக்குக் கார் பந்தயக் கிறுக்கு. கம்பெனிக்குப் பின்னாலிருந்த கொட்டகையை ஒர்க்‌ஷாப் ஆக்கி, பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ரோட்டரி எஞ்சினை அதில் உட்கார வைத்திருந்தார். மற்ற எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் முக்கோணமாய் ஒரு ரோட்டர் உருண்டு உருண்டு சுற்றி, ஷாஃப்ட் என்ற நடுத்தண்டைச் சுழற்றும். குதிப்பு இல்லை, அதனால் அதிர்வும் இல்லை. வேகம் மிஞ்சினால் மற்ற எஞ்சின் கதறிக் காட்டிக்கொடுக்கும். இது வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டே போகும். சாகிற நொடி வரைக்கும் வாயைத் திறக்காது. அதனால்தான் இத்தனை சுற்றோடு நில் என்று கம்ப்யூட்டரில் ஒரு வரம்பு கட்டிவைக்கிறார்கள். கட்டுவது லோகப்பிரியாவின் வேலை. ஓட்டுவது நிதீஷின் வேலை.

“ஏனுங் அம்மணி, ஒம்பதாயிரம் வெச்சா என்னங்?” என்றார் கிருபாசங்கர். “ஷாஃப்ட் மூணு சுத்து சுத்துனா ரோட்டர் ஒரே சுத்து. அப்ப ஒம்பதாயிரத்துக்கு மூவாயிரம். நம்ம பம்பு மோட்டாரே ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பதுல ஓடுது. எந்தத் தோட்டத்துலயாச்சும் வெடிச்சுதுன்னு கேட்டிருக்கீங்ளா?”

பம்பு மோட்டாரின் அந்த எண் தெரியாத ஆள் கோயமுத்தூர்ப் பக்கம் கிடையாது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

“ரோட்டர் தாங்குமுங்ண்ணா. ஆனா ஃப்ளைவீல் ஷாஃப்டோடயே சுத்துது. அதுக்கு முழுசா ஒம்பதாயிரமுங்.”

ஃப்ளைவீல் என்பது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் கனத்த சக்கரம். ஜப்பான் சக்கரம் இந்த கியர்பாக்ஸுக்குப் பொருந்தவில்லை. உடனே கிருபாசங்கர் தங்கள் பவுண்டரியிலேயே, பம்பு உடம்பு ஊற்றுகிற அதே வார்ப்பிரும்பில் ஒன்றை ஊற்றிக் கடைந்து மாட்டிவிட்டார். ஒன்பதாயிரத்தில் வார்ப்பிரும்பு அப்பளமாய்ப் பிளக்கும். துண்டுகள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து சேருகிற இடத்தில் ஓட்டுகிறவனின் பாதம் இருக்கும். இதையும் அவள் சொன்னாள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போட்டு.

கிருபாசங்கரின் முகம் சுண்டியது. மரியாதை மட்டும் குறையவில்லை.

“எங்க பவுண்டரியில ஊத்துனதுங். நாப்பது வருசத்துல ஒரு உருப்படி திரும்பி வந்ததில்லைங். பயமா இருந்தா நீங்க ஊட்ல உக்காந்து முறுக்குச் சுத்துங் அம்மணி. அதுக்கு லிமிட் கெடையாது.”

“அக்காவுக்கு மிக்ஸிய ரெண்டுல வெச்சாலே கை நடுங்குமுங்ண்ணா!” என்றான் நிதீஷ்.

அப்பா இறந்த பிறகு, இரண்டு வருடமாய் நிதீஷுக்கு எல்லாமே கிருபாசங்கர் அண்ணன்தான். அண்ணன் முடிவெட்டும் கடையில் இவனுக்கும் முடிவெட்டு. அண்ணன் வேண்டாமென்ற பெண்ணை இவனும் வேண்டாமென்றான். காலையில் அக்கா சொன்னது மதியம் அண்ணன் காதில் இருக்கும்.

அதனால் அவள் அவனிடம் சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் வரம்பை ஏழாயிரத்தில் கட்டினாள். பிறகு, ஏழாயிரம் வரும்போது முள் ஒன்பதாயிரத்தைக் காட்டும்படி, சுற்று காட்டும் மீட்டரை மாற்றினாள். காரின் வேகம் காட்டும் முள் ஏற்கெனவே செத்துக் கிடந்ததால் பொய்யைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. “ஒம்பதாயிரம் வெச்சுப்போட்டனுங்” என்று கிருபாசங்கரிடம் சாவியைக் கொடுத்தாள்.

மூன்று வாரம் அந்த முள் ஒன்பதாயிரத்தைத் தொட்டுத் தொட்டு வந்தது. தினமும் நிதீஷ் இறங்கி வந்து, “வெடிச்சுதாக்கா?” என்பான். யாரோ அவள் நாற்காலியில் ஒரு ஹெல்மெட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ‘லோகப்பிரியா அம்மணி பாதுகாப்புக்கு’ என்று எழுதி ஒட்டினார்கள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். வீட்டு வாசலில் தம்பி ஷூவைக் கழற்றும்போது மட்டும், பாவம், இரண்டு பாதத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

நாலாம் வாரம் பல்லடத்தில் சித்தி மகள் கல்யாணம். பந்தியில் ரசம் ஊற்றும்போது போன் வந்தது.

“அம்மணி, சாப்பிட்டாச்சுங்ளா?” கிருபாசங்கரின் குரல் அவ்வளவு இதமாயிருந்தது. “இங்க கிணத்துக்கடவு ட்ராக்ல இருக்கறனுங். பெங்களூர்ல இருந்து எஞ்சின் செட்டிங் பாக்கற ட்யூனர் ஒருத்தரக் கூட்டியாந்தேன். லேப்டாப்ப மாட்டுன ஒடனே சிரிக்கறாரு. ஏழாயிரமாமுங்களே?”

அவள் இலையிலிருந்து எழுந்துவிட்டாள்.

“எங்கிட்டச் சம்பளம் வாங்கிட்டு மூணு வாரமா என்னையே கேணயனாக்கிப் போட்டீங். பரவால்லைங். இப்ப நெசமாவே ஒம்பதாயிரம் வெச்சாச்சு. முள்ளையும் சரி பண்ணியாச்சு. உங்க தம்பிக்குச் சொல்லலைங். எப்பவும் போலன்னு நெனச்சு ஓட்டட்டும். எங்க வார்ப்பு தாங்குதா இல்லையான்னு நீங்களே காதால கேட்டுக்கங்.”

“அண்ணா, அவனை நிறுத்துங். உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், நிறுத்துங்!”

“கேளுங் அம்மணி.”

போனைக் காற்றில் நீட்டிப் பிடித்திருப்பார் போல. தூரத்தில் ஒரு வண்டு ரீங்கரித்தது. அந்த ஒலி மெலிந்து மெலிந்து மேலே ஏறிற்று. எந்த இடத்தில் நிற்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. நாதஸ்வரக்காரர் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைக் கல்லில் போட்டது போல ஒரே ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஆட்கள் ஓடும் சத்தம்.

இடது பாதம் காரிலேயே தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு தெளிந்தது. கிருபாசங்கர் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பொய் அழுகை இல்லை, கண் வீங்கியிருந்தது. லோகப்பிரியா உள்ளே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“மூணு வாரமா உன்னை ஏமாத்துனது உங்கக்கா, தம்பி. ஏழாயிரத்துல ஓட்டவெச்சுப் போட்டு ஒம்பதுன்னு காட்டியிருக்குது. நெசமாப் பழகியிருந்தா வண்டி உன் கைக்கு அடங்கியிருக்குமுல்ல?”

“ஒடைஞ்சது ஃப்ளைவீலுங். பழக்கத்துக்கும் அதுக்கும் என்னங்?” என்றாள். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

நிதீஷ் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடி கேட்டான். “அப்ப நான் ஒரு நாளுங்கூட ஒம்பதாயிரம் ஓட்டலியாக்கா?”

காலைப் பற்றித்தான் கேட்பான் என்று மூன்று நாளாய் அதற்குப் பதில் தேடிவைத்திருந்தாள் அவள்.

“இல்ல சாமி. ஓட்டல.”

“ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே. எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கறதுக்கா?”

“உங்காலுக்காகத்தான் கண்ணு…”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போது நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்தாள். புண்ணில் சீழ் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும், சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். லோகப்பிரியா கையை நீட்டினாள்.

“அண்ணன் போடட்டும்” என்றான் நிதீஷ், திரும்பாமலே. “நீ வெளிய போ.”

பேனா அவளைத் தாண்டிப் போயிற்று. கிருபாசங்கர் காகிதத்தை முழங்கால்மேல் வைத்து நிதானமாய் நிரப்பினார். ஒரு இடத்தில் நிறுத்தி, நர்ஸைப் பார்த்து மரியாதையாய்க் கேட்டார்.

“இங்க ‘உறவுமுறை’ன்னு போட்டிருக்குதே, என்னன்னு எழுதறதுங்?”

நர்ஸ் பதில் சொல்லுமுன் சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

“அண்ணன்னே எழுதுங்ண்ணா.”